ரோம் நகரில் முதல் ஏழு நாட்கள்: நெல்லையிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எதிர்வீட்டுப் பையனுக்கு ரோமில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் அவனும் அவன் அம்மாவும் அரைக் கிலோ அல்வாவோடு வந்தார்கள். "அக்கா, இறங்கியதும் முதல் வேலையாகக் கொலோசியத்தைப் பார்த்துவிடலாம்தானே?" என்று கேட்டான். "முதலில் தபால் நிலையம். அப்புறம் தெருக்குழாய். கொலோசியம் ஐந்தாம் நாள்" என்றேன். இரண்டு வருடம் அங்கே இருந்து இவள் என்னத்தைப் படித்தாளோ என்பது போல அவன் அம்மா என்னைப் பார்த்தார்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இவ்வளவு பழைய நகரத்துக்குள் நுழைகிறவருக்கு, வழி தவறாமல் பிடித்துக்கொண்டு போகக் கையில் ஒரு நூலிழை வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டாம் நாளே எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரியும்; மூன்றாம் நாள் அறையில் படுத்துக்கொண்டு கைபேசியைப் பார்க்கத் தோன்றும். நான் பிடித்துக்கொண்ட நூலிழை தண்ணீர். என் தாத்தா கன்னடியன் கால்வாயில் மடை பார்த்தவர். அணை, மதகு, வாட்டம், மறுகால் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவளுக்கு, ரோமில் பேரரசர்களின் வரிசை கடைசிவரை மனத்தில் நிற்கவில்லை. அதன் வாய்க்கால்கள் மட்டும் உடனே புரிந்துவிட்டன. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த யாருக்கும் புரியும்.

கிளம்பும் முன், ஊரிலேயே

பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், விசா, பாஸ்போர்ட்டின் பக்கங்கள், மருத்துவக் காப்பீடு, வங்கிச் சான்று, தங்குமிட ஒப்பந்தம் ஆகிய எல்லாவற்றிலும் மூன்று நகல்கள் எடுத்துக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டி தொலைந்தால் சட்டையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சேர்க்கைக் கடிதத்தை வாங்க முடியாது. பட்டச் சான்றிதழை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் 'அப்போஸ்தில்' முத்திரை வாங்குவது மெதுவாக நகரும் வேலை. விமான டிக்கெட்டைப் பற்றி யோசிக்கும் முன்பே அதைத் தொடங்கிவிடுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் குடும்ப வருமானம், சொத்து பற்றிய சான்றுகளை இத்தாலிய மொழிபெயர்ப்போடு கேட்பார்கள். தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டிய நடையை ஊரில் இருக்கும்போதே நடந்து முடியுங்கள். அங்கே போனபின் ஒவ்வொரு காகிதத்துக்கும் அப்பாவை அலைய விடுவது பாவம்.

நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. இத்தாலியச் சுவரில் மூன்று துளைகளும் ஒரே வரிசையில் இருக்கும். மின்னழுத்தம் இங்கே இருப்பது போலவே 230 வோல்ட், எனவே ஒரு அடாப்டர் போதும். குடை அவசியம். அக்டோபரும் நவம்பரும் ரோமிலும் மழை மாதங்கள். ஐப்பசி அடைமழை நம்மோடு விமானத்தில் ஏறி வந்துவிட்டதோ என்று தோன்றும். குளிர் மட்டும் புதிது.

இனி நான் கட்டாயமாகச் செய்யச் சொல்வது. கிளம்பும் முன் இரண்டு நாள், சொந்த ஊரையே வெளியூர்க்காரர் போலச் சுற்றுங்கள். ஒரு நாள் காலை கொக்கிரகுளத்திலிருந்து ஜங்ஷன் பக்கமாகச் சுலோசன முதலியார் பாலத்தை நடந்தே கடந்து பாருங்கள். 1843இல் திறந்த பாலம் அது. பஸ்ஸில் ஆயிரம் முறை போயிருப்போம். அதன் வளைவுகள் எப்படித் தூண்களில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை ஆற்றுக்குள் இறங்கி ஒருமுறையாவது பார்த்திருக்கிறோமா? அங்கிருந்து குறுக்குத்துறை, ஆற்றுக்குள்ளேயே இருக்கும் முருகன் கோயில். வெள்ளம் வருமென்று தெரிந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் ஆற்றுக்குள்ளேயே இருப்பார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்ததே, அந்த வெள்ளம் எந்தப் படிவரை, எந்தச் சுவர்வரை வந்தது என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். கையை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கையின் உயரத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் ஏரல் பக்கம் கொற்கைக்குப் போய் வாருங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று அங்கே வயலும் வாழையும்தான். கடல் கிழக்கே கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய்விட்டது. ஏன் போகச் சொல்கிறேன் என்பது ரோமில் ஏழாம் நாள் தெரியும்.

முதல் நாள்: இறங்குவது

வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறிச் சென்னையில் மாறிப் போகலாம். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகவும் போகலாம். எந்த வழியானாலும் ரோமில் பகலில் இறங்கும்படி டிக்கெட் எடுங்கள். வீட்டுச் சாவியை வைத்திருப்பவர் இரவு பதினொரு மணிக்கு உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.

பியூமிசினோ விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு இரண்டு ரயில்கள் உண்டு. லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் நேராகத் தெர்மினி நிலையத்தில் விடும், 14 யூரோ. இன்னொன்று சாதாரண ரயில், 8 யூரோ. அது தெர்மினிக்குப் போகாமல் திராஸ்தேவெரே, ஓஸ்தியென்சே, திபுர்தீனா வழியாகப் போகும். உங்கள் அறை எந்தப் பக்கம் என்று பார்த்து ஏறுங்கள். டாக்சிக்கு நிலையான கட்டணம் உண்டு, ஆனால் அது ஔரேலியன் சுவருக்குள் இருக்கும் இடங்களுக்கு. 271இல் பேரரசர் ஔரேலியன் கட்டத் தொடங்கிய கோட்டைச் சுவர் இன்றும் டாக்சி வாடகையை முடிவு செய்கிறது. ரோம் எப்படிப்பட்ட ஊர் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

நகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் ஒரே டிக்கெட், 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். புகையிலைக் கடைகளில் கிடைக்கும். கரும் பலகையில் வெள்ளை 'டி' எழுத்து இருக்கும். டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. பேருந்துக்குள் இருக்கும் பெட்டியில் செருகி நேரத்தை அச்சடித்துக்கொள்ள வேண்டும். நான் வாங்கினேன், மடித்துப் பத்திரமாகப் பணப்பையில் வைத்தேன். பரிசோதகர் வந்து கேட்டபோது பெருமையோடு எடுத்து நீட்டினேன். 50 யூரோவுக்கு மேல் அபராதம். அன்று இரவு அந்தத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்ததுதான் நான் செய்த இரண்டாவது தவறு. மாதம் முழுவதும் சுற்றப் போகிறவர்கள் 35 யூரோ மாதச் சீட்டு எடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

அன்று மாலை ஒன்றும் பார்க்க வேண்டாம். அறையைச் சுற்றி நடந்து மளிகைக் கடை, மருந்துக் கடை, பேருந்து நிறுத்தம், மிக அருகில் இருக்கும் தெருக்குழாய் ஆகியவற்றைக் கண்டுபிடியுங்கள். தூங்குங்கள். கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் அவர்கள் நமக்குப் பின்னால் இருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டினால் பயப்படாதீர்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள்: வரிசையில் நிற்பது

இத்தாலியில் இறங்கி 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' என்பது அதன் பெயர். எல்லாத் தபால் நிலையத்திலும் வாங்க மாட்டார்கள். 'ஸ்போர்தெல்லோ அமிகோ' என்ற கவுன்ட்டர் இருக்கும் தபால் நிலையத்தில் விண்ணப்ப உறை இலவசமாகக் கிடைக்கும். நிரப்பி, நகல்களை வைத்து, 16 யூரோ வருவாய் வில்லையைப் புகையிலைக் கடையில் வாங்கி ஒட்டி, அதே கவுன்ட்டருக்குப் போக வேண்டும். உறையை ஒட்டிவிடாதீர்கள், திறந்தபடியே கொண்டுபோனால்தான் உள்ளே இருப்பதைச் சரிபார்த்து வாங்குவார்கள். எல்லாக் கட்டணமும் சேர்ந்து 100 யூரோவைத் தாண்டும். முடிவில் ஒரு ரசீதும், கைரேகை வைக்கக் காவல் அலுவலகத்துக்கு வரவேண்டிய நாளும் தருவார்கள். அட்டை கையில் வரும்வரை அந்த ரசீதுதான் உங்கள் அடையாளம். படம் எடுத்து வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

நெரிசலான பேருந்தில் இறங்க வழி கேட்கவும் "பெர்மெஸ்ஸோ" என்றுதான் சொல்ல வேண்டும். அதே சொல். இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கிறோம் என்று முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்தது 'கோதிசே பிஸ்காலே', 16 எழுத்தும் எண்ணும் கொண்ட வரி அடையாளக் குறியீடு. கட்டணம் இல்லை. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் வேண்டும். இங்கேதான் நமக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அந்தக் குறியீடு பெயரிலிருந்தும் குடும்பப் பெயரிலிருந்தும் பிறக்கிறது. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. நமக்கு முன்னெழுத்து உண்டு. அது அப்பாவின் பெயர் என்று நான் விளக்க, எதிரே இருந்த பெண்மணி "அப்படியானால் உன் பெயர்?" என்று கேட்டார். சொன்னேன். "குடும்பத்தின் பெயர்?" அப்பாவின் பெயரை மறுபடியும் சொன்னேன். "அது உன் அப்பாவுடையது இல்லையா?" என்றார். இருவர் சொன்னதும் சரிதான். எனவே பாஸ்போர்ட்டில் எது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதே வரிசையில், அதே எழுத்துகளில் எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். ஒரு இடத்தில் முன்னெழுத்தாகவும் இன்னொரு இடத்தில் விரித்தும் எழுதினால் இரண்டு மனிதர்களாகிவிடுவீர்கள்; ஒருவருடைய உதவித்தொகை இன்னொருவருக்கு வராது.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஒரு வரி: மாணவர்கள் அரசு மருத்துவத் திட்டத்தில் சேர 2024இலிருந்து ஆண்டுக்கு 700 யூரோ. தனியார் காப்பீடு இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். எதற்கெல்லாம் செல்லும் என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காம் நாள்: அதிகம் டிக்கெட் தேவையில்லாத நாள்

வெறும் பாட்டிலோடு கிளம்புங்கள். ரோமின் தெருக்களில் 'நாசோனே' என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் ஏறத்தாழ 2,500 உண்டு. 1874இலிருந்து வைக்கத் தொடங்கியவை. நாசோனே என்றால் பெருமூக்கு. இடுப்பளவு உயரத்தில் உருண்டையான தூண், அதிலிருந்து வளைந்து கீழே தொங்கும் மூக்கு. திருகு கிடையாது, இரவும் பகலும் தண்ணீர் ஓடும். நம் ஊர்க்காரருக்கு முதலில் மனம் பதறும். யாரோ குழாயை மூடாமல் போய்விட்டார்கள் என்று நானே முதல் நாள் திருகைத் தேடினேன். ஒரு கிழவர் வந்து, குனியாமல், மூக்கின் நுனித் துளையை ஒரு விரலால் அடைத்தார். வளைவின் மேலே இருந்த சிறு துளை வழியாகத் தண்ணீர் வில்லாக எழும்பியது. வாயை நீட்டிக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கவில்லை. சுவை கொஞ்சம் கடுமையானது, சுண்ணாம்பு கூடுதல். கெட்டிலில் வெள்ளையாகப் படியும். தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வாவுக்கு அந்த ருசி என்று நாம் சொல்வதை அங்கே வைத்து நம்பத் தொடங்கினேன்.

இப்போது திரேவி நீரூற்றுக்குப் போகலாம். காலை ஏழு மணிக்குள் போனால்தான் தண்ணீரைப் பார்க்கலாம். பிறகு முதுகுகளைத்தான் பார்க்க முடியும். 1762இல் முடிந்த இந்தச் சிற்பக் கூட்டத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள். அதில் விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் குறைவு. கிறிஸ்துவுக்கு முன் 19இல், பேரரசர் அகஸ்டஸின் வலக்கையாக இருந்த அக்ரிப்பா வெட்டிய வாய்க்கால் அதற்கு நீர் தருகிறது. பெயர் 'ஆக்குவா வெர்ஜினே', கன்னித் தண்ணீர். நகருக்குக் கிழக்கே ஊற்றுகளில் தொடங்கி, பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வருகிறது. இவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து அதன் இறக்கம் வெறும் 4 மீட்டர்தான். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் எடுக்கவே நம் கொத்தனார்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தாத்தாவிடம் தொலைபேசியில் இந்தக் கணக்கைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மட்டம் பார்த்தவன் பெயர் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அந்த வாய்க்காலைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் காண வேண்டுமா? திரேவியிலிருந்து சில நிமிட நடையில், தெல் திரித்தோனே தெருவில் ரினாஷெந்தே என்ற பெரிய துணிக்கடை இருக்கிறது. நேராக அதன் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். கடை கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட வளைவுகள் 60 மீட்டர் நீளத்துக்கு அப்படியே நிற்கின்றன. கட்டணம் இல்லை. துணி வாங்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

அதே தண்ணீர்தான் ஸ்பானியப் படிகளுக்குக் கீழே உள்ள படகு வடிவ நீரூற்றுக்கும் போகிறது. அங்கே நீர் உயரமாகப் பீய்ச்சாது. தரைமட்டத்துக்குக் கீழே ஒரு படகு மூழ்குவது போலச் செய்திருக்கிறார்கள். காரணம், கன்னித் தண்ணீரின் அழுத்தம் அங்கே அவ்வளவுதான். குறையையே அழகாக்கிய அந்தச் சிற்பி பியேத்ரோ பெர்னினி. படிகளில் உட்காராதீர்கள், 2019இலிருந்து தடை, அபராதம் உண்டு. கோயில் படியில் காலாற உட்கார்ந்து பழகிய நமக்கு இது கொடுமைதான்.

மதியத்துக்குள் பாந்தியோனுக்கு வந்துவிடுங்கள். முகப்பில் அக்ரிப்பாவின் பெயர் பெரிதாக இருக்கும், அதே வாய்க்கால்காரர். இன்று நாம் பார்ப்பது பேரரசர் ஹேட்ரியன் இரண்டாம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டியது. பழைய பெயரை அப்படியே விட்டுவைத்தார். கம்பி இல்லாத கான்கிரீட் கவிகை, குறுக்களவு 43.3 மீட்டர், உச்சியில் திறந்த வட்டம். உள்ளே போக 5 யூரோ. மழை நாளில் போனால் யோகம். வட்டத்தின் வழியே மழை நேராக உள்ளே பெய்யும். கூட்டம் மேலே பார்க்கும். நீங்கள் கீழே பாருங்கள். தரை நடுவில் மிக லேசாக மேடேறி, ஓரங்களுக்குச் சரிகிறது. பளிங்கில் சிறு வடிகால் துளைகள். நான் எண்ணிப் பார்த்தேன், 22.

பின்பக்கம் நடந்தால் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா தேவாலயம். உள்ளே போகும் முன் முகப்பின் வலது ஓரத்தைப் பாருங்கள். தைபர் ஆற்று வெள்ளம் எந்த ஆண்டில் எவ்வளவு உயரம் வந்தது என்று கல்வெட்டுகள் பதித்திருக்கிறார்கள்: 1422, 1495, 1530, 1557, 1598, 1870. 1598இன் கல் தலைக்கு மேலே. இங்கேதான் குறுக்குத்துறையில் மனத்தில் குறித்த கையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மாலையில் ஆற்றுக்குப் போங்கள். தைபர் தீவுக்குச் செல்லும் பாப்ரிச்சோ பாலம் கிறிஸ்துவுக்கு முன் 62இல் கட்டியது. இன்றும் மக்கள் நடக்கிறார்கள். இரண்டு வளைவுகளுக்கு நடுவே தூணில் ஒரு கண் திறந்திருக்கும், வெள்ளம் முட்டாமல் புகுந்து போவதற்கு. சுலோசன முதலியார் பாலத்தைக் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அந்தக் கண்ணின் அருமை தெரியும். ஒன்று சொல்ல வேண்டும்: 1870 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் இரு கரையிலும் மாபெரும் சுவர் எழுப்பிவிட்டார்கள். வெள்ளம் நின்றது, ஆறும் ஊரை விட்டுப் பிரிந்து கீழே போய்விட்டது. குளிக்க, துவைக்க, தர்ப்பணம் கொடுக்க இறங்கும் படித்துறைகளோடு வளர்ந்தவளுக்கு அந்தச் சுவர் சிறைச்சுவர் போலத்தான் தெரிந்தது.

ஐந்தாம் நாள்: கொலோசியமும் அதன் கீழே இருந்த குளமும்

கொலோசியம், ரோமன் போரம், பாலத்தீன் குன்று மூன்றுக்கும் ஒரே டிக்கெட், 18 யூரோ. அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே எடுங்கள். டிக்கெட்டில் பெயர் அச்சாகும்; பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். வாசலில் "வரிசை இல்லாமல் உள்ளே விடுகிறேன்" என்று வருகிறவர்களிடம் புன்னகையோடு கையை ஆட்டிவிட்டு நடங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களும் இதுவும் இலவசம். கூட்டம் நெல்லையப்பர் தேரோட்டம்தான். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கட்டடக்கலை, தொல்லியல் போன்ற துறைகளில் படிப்பவர்களுக்கு, அந்த ஆண்டுச் சேர்க்கைச் சான்றைக் காட்டினால் இலவச அனுமதி உண்டு. கவுன்ட்டரில் கேட்டால்தான் தருவார்கள். கேளுங்கள்.

காலையில் போரம், பிற்பகலில் கொலோசியம் என்று வைத்துக்கொள்ளலாம். போரம் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். வடிகால் வெட்டி உலர்த்திய பிறகே சந்தையும் கோயிலும் மன்றமும் வந்தன. அந்தோனினஸ், பௌஸ்தினா கோயிலின் முன் நில்லுங்கள். 141இல் எழுந்த கோயில், பின்னாளில் தேவாலயமானது. தேவாலயத்தின் கதவு அந்தரத்தில் தொங்கும். ஏணி இல்லாமல் யார் ஏறுவார்கள் என்று திகைப்பாக இருக்கும். கதவு வைத்த காலத்தில் தரை அங்கேதான் இருந்தது. அவ்வளவு மண் நூற்றாண்டுகளாக மூடிக்கிடந்து, பிறகு தோண்டி எடுத்தார்கள். ஆதிச்சநல்லூர்க் குழியில் நின்று மேலே பார்த்தவர்களுக்கு இந்த உணர்வு புதிதில்லை.

பக்கத்தில் மாக்சென்சியஸ் மன்றத்தின் பெரிய வளைவுகள். அவற்றுக்கு அடியில், பேரரசர் டொமிசியன் காலத்து மிளகுக் கிடங்குகள் இருந்தன. நம் மலைக்கு அந்தப்புறம், சேர நாட்டுத் துறைமுகங்களிலிருந்து போன மிளகு. 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், விலகிப் போக 3,000 ராத்தல் மிளகும் கேட்டான். நம் பங்கு முத்து. பாண்டியனிடமிருந்து அகஸ்டஸுக்குத் தூது வந்ததென்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். இந்திய வணிகத்தில் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் கரைகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். அந்தப் புலம்பலின் ஒரு பகுதி கொற்கைக்குச் சேர வேண்டியது.

கொலோசியத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அங்கே முதலில் இருந்தது பேரரசர் நீரோ தன் மாளிகைக்காக வெட்டிய செயற்கைக் குளம். பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் அதை வற்றச் செய்து, அந்தப் பள்ளத்தில் அரங்கைக் கட்டத் தொடங்கினார். மகன் டைட்டஸ் 80இல் திறந்தார். வேய்ந்தான்குளத்தில் புதிய பேருந்து நிலையம் எழுந்ததைப் பார்த்த நமக்கு, குளத்தில் கட்டடம் என்பது ஆச்சரியமே இல்லை. வித்தியாசம், அவர்கள் அடியில் வடிகாலையும் சேர்த்துக் கட்டினார்கள்.

வெளியே வந்ததும் களைப்பாக இருக்கும். ஆனாலும் பத்து நிமிடம் நடந்து சான் கிளெமெந்தே தேவாலயத்துக்குப் போங்கள். மேலே 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கட்டணம் கட்டிப் படி இறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுச் சுவர்களும் மித்ரா வழிபாட்டு அறையும். அந்த அடித்தளத்தில் நின்று காது கொடுங்கள். சுவருக்கு அப்பால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அந்த ஒரு சத்தத்துக்காக நான் நான்கு முறை போயிருக்கிறேன்.

இடையில் சாப்பாடு

பீட்சா வெட்டி எடைக்கு விற்பார்கள். கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினால் போதும். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. 'காப்பே' என்று கேட்டால் பாலாடை அளவில் ஒரு மிடறு கறுப்புக் கசாயம் வரும். 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் வெறும் பால்தான் வரும். 'மென்சா' என்ற பல்கலைக்கழக உணவகத்தில் மலிவாகச் சாப்பிடலாம். அரிசி, பருப்பு, மசாலாவுக்குப் பியாத்சா வித்தோரியோ அருகே எஸ்குயிலினோ சந்தை. சுற்றிலும் வங்கதேசத்தவர் கடைகள். சொதி வைக்கத் தேங்காய்ப் பால் டப்பாவில் கிடைக்கும். எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தனி அறையில் அதுவும் அமிர்தம்தான்.

ஆறாம் நாள்: கால்வாய் வானத்தில் போகிற இடம்

மெட்ரோ 'ஏ' வழித்தடத்தில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் கால்வாய்ப் பூங்கா. டிக்கெட் இல்லை, வரிசை இல்லை, சுற்றுலாக் கூட்டமும் அதிகம் இல்லை. ஆள் உயரப் புல்லுக்கு மேலே கிளாடியஸ் கால்வாயின் வளைவுகள் வரிசையாகப் போகும். பேரரசர் கலிகுலா தொடங்கி, அடுத்து வந்த கிளாடியஸ் 52இல் முடித்தது. மலையிலிருந்து நகர்வரை 69 கிலோமீட்டர்; அதில் பெரும்பகுதி நிலத்தடியில்தான். நகரை நெருங்கும்போது நிலம் தாழ்ந்துவிடுவதால், வாட்டம் கெடாமல் இருக்கத் தண்ணீரைத் தூண்மேல் ஏற்றினார்கள். வளைவு என்பது அலங்காரத்துக்கு வந்ததே இல்லை, மட்டத்துக்கு வந்தது. மாலை வெயிலில் ஒரு வளைவின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். என் ரோமில் மிக நல்ல இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

திரும்பும் வழியில் போர்த்தா மஜ்ஜோரே வாசலையும் பார்க்கலாம். கால்வாய் நகருக்குள் நுழையும் இடம். வாசலை ஒட்டி ஒரு ரொட்டிக்காரரின் கல்லறை. மாவு பிசையும் தொட்டிகள் போன்ற வட்டத் துளைகளும், ரொட்டி சுடும் காட்சிகளும் செதுக்கியிருப்பார்கள். ஊரில் அல்வாக் கடைக்காரர் யாராவது இப்படி ஒரு நினைவிடம் கட்டினால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

ஏழாம் நாள்: ஓஸ்தியா

மெட்ரோ 'பி' வழித்தடத்தில் பிராமிதே நிலையம், அதை ஒட்டி போர்த்தா சான் பாவோலோ ரயில் நிலையம். சாதாரண நகர டிக்கெட்டே ஓஸ்தியா அந்திகாவுக்குச் செல்லும். திங்கட்கிழமை மூடியிருக்கும். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த செருப்பு வேண்டாம், பழைய கற்பாதை காலைப் பதம் பார்க்கும்.

ஓஸ்தியா என்ற பெயர் லத்தீனில் வாய் என்ற சொல்லிலிருந்து வந்தது, ஆற்றின் முகத்துவாரம். ரோமின் துறைமுகமாக இருந்த ஊர். தைபர் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை வளர்ந்து, கடல் இன்று ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சாப்பாட்டுக் கடை, குளியல் மன்றம், மாடிக் குடியிருப்பு, பொதுக் கழிப்பிடம் என ஒரு முழு ஊர் கடலைத் தொலைத்துவிட்டு நிற்கிறது. கொற்கை வயல் வரப்பில் நின்றுவிட்டு இங்கே வருகிறவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

நாடக அரங்கின் பின்னால் வணிகர் சதுக்கத்துக்குப் போங்கள். சுற்றிலும் சிறு அறைகள், ஒவ்வொன்றின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் படம்: கப்பல், கலங்கரை விளக்கம், தானிய அளவை. கடல் வணிகர்களின் அலுவலகங்கள் அவை. ஒரு வாசலில் யானை இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. பாண்டிய நாட்டு வணிகன் ஒருவன் இங்கே கடை போட்டிருக்கிறான் என்று முடிவுகட்டி, படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டேன். பிறகுதான் யானைக்கு மேலே இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். சபராத்தாவினர் என்றிருந்தது, வட ஆப்பிரிக்கக் கடற்கரை ஊர். அவர்கள் யானை.

"தாத்தா, அது நம் யானை இல்லையாம்" என்று மறுபடியும் செய்தி அனுப்பினேன். இரவு அழைத்தார். யானையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தத் துறைமுகத்தை அடைத்தது ஆறு கொண்டுவந்த வண்டல் என்றாயே, தூர் வாராமல் விட்டுவிட்டார்களா?" என்றார்.